ஷோபிஸில் ஒரு மாமா

போன செவ்வாய்க்கிழமை, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஷர்மிளா வந்து நின்றாள். கையில் தடித்த ஆங்கிலப் புத்தகம், காதில் செருகிய பேனை. கனடாவுக்குப் போக ஏதோ ஆங்கிலச் சோதனை எழுதுகிறாளாம்.

"அக்கா, சின்ன உதவி. ஷோபிஸ்ங்கிற சொல்ல வச்சு அஞ்சு வசனம் அமைக்கணும். ஒண்ணு நானே எழுதிட்டேன். சரியான்னு பாருங்க."

பார்த்தேன். 'என் மாமா ஷோபிஸில் இருக்கிறார்' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

"அழி!" என்று கத்திவிட்டேன்.

பாவம், மிரண்டு போனாள். "கிராமர் பிழையா அக்கா?"

"கிராமர் சரி. மாமாதான் பிழை."

"அப்ப அத்தைன்னு போடவா?"

"சொந்தக்காரங்க யாரையும் இழுக்காதே! 'ஷோபிஸ் நல்லது'ன்னு எழுது. 'ஷோபிஸ் கெட்டது'ன்னு எழுது. ஆளைப் போட்டு எழுதாதே, சொல்லிட்டேன்!"

பிரஷர் குளிசை போட மறந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். நீங்களும் இப்போது அப்படித்தான் பார்க்கிறீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு மாமாவால் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஆங்கில வகுப்பில் நீங்கள் எப்போதாவது உண்மை எழுதியிருக்கிறீர்களா?

நான் எழுதியதில்லை. என் கொப்பியில் என் அப்பா ஒரு டொக்டர். அம்மா லோயர். அண்ணன் கப்பலில் லண்டன் போய்க்கொண்டே இருப்பார், கப்பல் ஒருநாளும் கரை சேராது. எங்கள் வீட்டில் ஒரு பியானோ வேறு உண்டு. இத்தனையும் புசல்லாவைப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்குள், ஒரே அறைக்குள்! அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறார், அம்மா கொழுந்து எடுக்கிறார் என்று எழுதலாம்தான். கவ்வாத்துக்கு ஆங்கிலம் தெரிய வேண்டுமே? டொக்டர் என்பது சுலபம். ஆறே எழுத்து.

இது என் ஒருத்தியின் பழக்கம் இல்லை. ஊரே அப்படித்தான். ஒரு சொல்லைக் கொடுத்து வசனம் அமை என்றால் நம்மவர்கள் அந்தக் கணமே பொய் சொல்லத் தொடங்குவார்கள். ஆசிரியரும் சிவப்புப் பேனையால் சரி போட்டுத் தருவார்.

யுத்த காலம். நான் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனம் கிடைக்க வேண்டுமென்றால் இரண்டு சாமான் தேவை என்று சொல்லியிருந்தார்கள். ஒன்று, நேர்முகப் பரீட்சையில் நாலு வார்த்தை ஆங்கிலம். மற்றது, தேசிய அடையாள அட்டை.

ஆங்கிலமாவது காசு கொடுத்தால் கிடைக்கும். அட்டை? தோட்டத்தில் பிறந்த எங்களில் பாதிப் பேருக்கு அப்போது அட்டை கிடையாது. நான் விண்ணப்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 'உரிய நேரத்தில் அறிவிக்கப்படும்' என்று ஆறு கடிதம் வந்திருந்தது. அட்டை மட்டும் வரவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்பளை வழியாகக் கண்டிக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் மாஸ்டரின் ஆங்கில வகுப்பு. மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கச்சிதமான மனுஷன், மடிப்புக் கலையாத வெள்ளை ஷேர்ட். வகுப்பில் பதினைந்து பேர். எனக்குப் பக்கத்துக் கதிரையில் அக்குறணை நஸீர் நானா, அதாவது நஸீர் அண்ணன். ஐம்பது வயது, புடவைக்கடை முதலாளி. மகளுக்குக் கொழும்பில் சம்பந்தம் பேசியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலத்தில் பேசுகிறார்களாம். "நானும் என்னத்தயாவது ஒண்ட செல்லோணுமே தங்கச்சி… சும்மா புரியாணிய பாத்துக்கொண்டு ஈக்க ஏலுமா?" என்பார்.

வாரம் ஒரு சொல். அந்த வாரம் மாஸ்டர் கரும்பலகையில் எழுதிய சொல்தான் ஷோபிஸ்.

"சினிமா, நாடகம், பாட்டு, ரேடியோ… உந்தத் தொழில் முழுக்கத்தையும் ஒரு சாக்குக்குள்ள போட்டுக் கட்டினால் அதுக்குப் பேர் ஷோபிஸ். வீட்டுப் பேச்சுச் சொல், விளங்குதோ? சிநேகிதருக்கு எழுதலாம். கந்தோருக்கு எழுதிற கடிதத்தில போட்டிடாதேயுங்கோ."

உடனே எல்லாரும் வசனம் அமைக்கத் தொடங்கினோம். ஒருவர் 'ஷோபிஸ் வயிற்றுக்கு நல்லதல்ல' என்றார். நஸீர் நானா 'என் கடையில் ஷோபிஸ் காற்சட்டைகள் உண்டு' என்றார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போய் ஆளுக்குப் பத்து வசனம் எழுதிக்கொண்டு வாங்கோ. கடைச் சாமான் வேண்டாம்."

நான் எழுதினேன். 'மை அங்கிள் இஸ் இன் ஷோபிஸ்.' என் மாமா ஷோபிஸில் இருக்கிறார். அவர் ஷோபிஸுக்காகக் கல்யாணம் செய்யவில்லை. ஷோபிஸ் அவரைப் பணக்காரர் ஆக்கியது. இப்படியே போய்ப் பத்தாவதற்கு வந்தபோது சரக்குத் தீர்ந்துவிட்டது. கொஞ்சம் யோசித்து எழுதினேன்: 'என் மாமா ஷோபிஸுக்குப் புதிய பாடகர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.'

என் தலையில் நானே மண் வாரிப் போட்ட வசனம் அதுதான்.

அடுத்த சனி. பேராதனை தாண்டியதும் வழக்கமான சோதனைச்சாவடி. பஸ் நின்றது. எல்லாரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். அட்டை உள்ளவர்கள் அட்டையைக் காட்டிவிட்டுப் போய் மீண்டும் ஏறலாம். என்னிடம் இருந்தது தோட்டத்துரையின் கடிதம் மட்டும். 'இவர் எங்கள் தோட்டத்தைச் சேர்ந்தவர், நன்னடத்தை உடையவர்.' பழைய சார்ஜன் அதைப் பார்த்துத் தலையாட்டி விட்டுவிடுவார். அன்று பார்த்தால் புது ஆள்.

உருண்டையான மனுஷன். கழுத்தில் விசில், மேலுதட்டில் மீசை. எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டே பைகளைக் கிளறினார். என் பையைத் திறந்தார். ரொட்டி, கட்டைச் சம்பல், குடை… கொப்பி.

அட்டை இல்லாதவர்களை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். ஓரத்தில் நின்றவர்களில் சிலர் அன்று மாலையே வீட்டுக்கு வந்தார்கள். சிலர் இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். சிலரைப் பற்றி லயத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

அவர் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். முணுமுணுப்பு நின்றது. பக்கத்தைப் புரட்டினார். பத்தாவது வசனத்தில் விரல் அப்படியே நின்றது.

"நங்கி… மாமா ஷோபிஸா?"

சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி. அவர் கேட்ட தோரணையில் சந்தேகமே இல்லை. பக்தி இருந்தது!

இப்போது நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'இல்லை சார், அது பொய்' என்று சொல்லலாம். அட்டை இல்லாத ஒருத்தி, தோளில் துவக்கு மாட்டியிருக்கும் ஒருவரிடம், 'நான் கொப்பி முழுக்கப் பொய் எழுதி வைத்திருக்கிறேன்' என்பதா? அடுத்த கேள்வி துரையின் கடிதமும் பொய்யா என்றுதானே வரும்?

"ஆமாங்க சார்," என்றேன்.

"பாட்டுக்காரர் தேடுறதா?"

"ஆ… ஆமாங்க சார்."

கொப்பியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். துரையின் கடிதத்தைத் திறக்கவே இல்லை.

அதற்கு அடுத்த சனியிலிருந்து என் வாழ்க்கையே மாறிவிட்டது. பஸ் நின்றதும் சார்ஜன் கையசைப்பார். வரிசை கிடையாது, பை திறப்புக் கிடையாது. ஒருநாள் வெயில் என்று உட்காரக் கதிரை கூடப் போட்டார். இதைப் பார்த்த கொண்டக்டர் எனக்கு முன் சீட்டை ஒதுக்கத் தொடங்கினார். மூன்றாம் வாரம் மெதுவாகக் குனிந்து, "டீச்சர், என் மச்சினிச்சி நல்லா டான்ஸ் ஆடுவா. மாமாகிட்ட ஒரு வார்த்தை…" என்றார்.

புகழ் என்றால் சும்மாவா? எனக்கே லேசாகத் தலைக்கனம் வந்துவிட்டது. கைப்பையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து நடக்கத் தொடங்கினேன் என்றால் பாருங்கள்.

ஆனால் சார்ஜனுக்கும் ஓர் ஆசை இருந்தது. அது வாரத்துக்கு வாரம் வளர்ந்தது.

"நங்கி, நான் பாட்டு படிக்கிறது. சொந்தப் பாட்டு. மாமா எப்ப வாறது?"

மாமா வருவார் என்றேன். போன வாரம் வந்திருந்தார், நேரம் கிடைக்கவில்லை என்றேன். இப்போது வெளிநாட்டில் நின்றுகொண்டிருக்கிறார் என்றேன். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம்… மாஸ்டர் படிப்பித்த எல்லாக் காலத்திலும் பொய் சொல்லி முடித்துவிட்டேன். பாவம், எல்லாவற்றையும் நம்பினார். ஒருமுறை மாமாவுக்குத் தொண்டை வலி என்றதற்கு, அடுத்த வாரம் தாளில் சுற்றிய கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கொண்டுவந்து தந்தார். இல்லாத மாமாவின் தொண்டைக்கு! அதை வாங்கிப் பையில் போட்டபோது என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்புறம் அந்தச் சனி வந்தது.

இரண்டு நாளைக்கு முன் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. போகாதே என்றார் அம்மா. ஆனால் நேர்முகப் பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. போனேன். சாவடியில் வழக்கத்தை விட இரண்டு மடங்கு ஆட்கள். மேலதிகாரி ஒருவர் நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. ஓரமாக ஒரு ட்ரக் நின்றது.

"அட்டை?"

கடிதத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. விரலால் ஓரத்தைக் காட்டினார்.

அங்கே ஏற்கெனவே மூன்று பெண்கள் நின்றார்கள். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள்தான், பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்துக்காரிகள். ஒருவர் கையில் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு. கண்ணெல்லாம் கலங்கி நின்றார். நானும் போய் நின்றேன். ட்ரக்கின் பின்கதவை யாரோ திறந்தார்கள்.

அப்போது உருண்டையாக ஓடிவந்தார் நம்ம சார்ஜன். மேலதிகாரியிடம் சிங்களத்தில் படபடவென்று பேசினார். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். 'சேர், இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். இவருடைய மாமா ஷோபிஸில் இருக்கிறார். எனக்கு வேண்டியவர். நான் பொறுப்பு.'

நான் பொறுப்பு என்றார். சந்தித்தே இராத ஒரு மாமாவுக்காக!

மேலதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையசைத்தார். சார்ஜன் என்னை பஸ் பக்கம் போகச் சொன்னார். இரண்டு அடி வைத்தேன். பின்னால் ஆஸ்பத்திரித் துண்டுக்காரியின் விசும்பல் கேட்டது. நான் பெரிய வீராங்கனை எல்லாம் இல்லை. கரப்பான்பூச்சிக்குக் கதிரையில் ஏறுபவள். ஆனால் வாய் பழகிவிட்டதே!

"சார்… இவங்க மூணு பேரும் மாமாவோட சொந்தக்காரங்கதான்."

சார்ஜன் அவர்களைப் பார்த்தார். மூன்று பேரும் கும்பிட்டார்கள். மேலதிகாரியிடம் போய் இன்னொரு தரம் பேசினார். திரும்பி வந்து, "ஷோபிஸ் குடும்பம் பெரிய குடும்பம்தான்," என்று மட்டும் சொன்னார். நாலு பேரும் பஸ்ஸில் ஏறினோம். ஏறும்போது என் காதருகே வந்து சொன்னார்:

"அடுத்த சனி மாமா வாறதுதானே, நங்கி?"

இதற்குப் பிறகு எப்படி இல்லை என்பது?

வகுப்பில் போய் ஒப்பாரி வைக்காத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். மாஸ்டர் கொப்பியை வாங்கிப் பத்தாவது வசனத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, உனக்கென்ன விசரோ? பொலிசுக்குப் பொய் சொன்னது பெரிய பிழை." கொஞ்சம் பொறுத்து, "ஆனால் வசனம் சரி," என்றார்.

"மாஸ்டர்! நீங்கதானே பொய் எழுதினாலும் சரி போடுறீங்க!"

"நான் வசனம் சரியோ எண்டுதான் பாப்பன். வாழ்க்கை சரியோ எண்டு பாக்கிறது என்ர வேலை இல்லை."

நஸீர் நானா தொண்டையைச் செருமினார். "என்ன தங்கச்சி, இதுக்குப் போய் அழுவுற? ஒரு மாமா தேவ, அவ்வளவுதானே? நான் ஈக்கிறேனே! எனக்கிட்ட கோட்டும் ஒண்டு ஈக்கிது, மகள்ட கலியாணத்துக்குத் தெச்சது."

"நானா, மாட்டினா உங்களையும் ட்ரக்ல ஏத்துவாங்க."

"யா அல்லாஹ்… அப்பிடி செல்ல வாணாம்," என்றார். முகம் வெளிறியது. ஆனாலும், "அந்தக் கொத்தமல்லிக்காவது யாராவது போகோணுமே," என்றார்.

அடுத்த சனி வகுப்பு முடிந்து, பின்னேர பஸ்ஸில் என்னோடு ஏறினார். கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, தடித்த கறுப்புக் கண்ணாடி. பார்ப்பதற்கு அசல் ஷோபிஸ்தான்.

"கண்ணாடி எங்க நானா எடுத்தீங்க?"

"மச்சான்டது. பவர் ஈக்கிது. கொஞ்சம் கூட."

கொஞ்சமா? பஸ் படியில் இறங்கும்போது இல்லாத இன்னொரு படியில் காலை வைத்தார். நான் பிடித்துக்கொண்டேன். அதையும் சார்ஜன் மரியாதையாகத்தான் பார்த்தார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் இறங்குவார்களோ என்று நினைத்திருப்பார்.

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். உள்ளே இரண்டு கதிரை போட்டு, பிளேன்டீயும் வைத்திருந்தார். தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கை நடுங்கியது. அவருடைய கை! எங்களைப் பார்த்து ஒரு பொலிஸ்காரர் நடுங்கிய காட்சியை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

பாடத் தொடங்கினார்.

ரம்பொடை ஏற்றத்தில் கியர் மாற்றும் லொறியைக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் குரல். பாட்டு அவரே கட்டியது, ஊரில் விட்டுவந்த பலாமரத்தைப் பற்றியது. 'பலாமரமே பலாமரமே, நான் இங்கே ரோட்டில் நிற்கிறேன், உன் பழத்தை அங்கே யார் தின்கிறார்கள்?' இரண்டாவது அடியில் பக்கத்து வீட்டுக்காரன் மேல் சந்தேகம். மூன்றாவதில் சந்தேகம் உறுதியாகிறது. நாலாவதில், எட்டு மாதமாக லீவு கிடைக்காத கதை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். நாலாவது அடிக்குப் பிறகு கடிக்க வேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால்… நஸீர் நானாவின் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர்! கண்ணாடிக்குக் கீழே வழிந்து, தாடியை நனைத்து, சிவப்பு டையில் சொட்டுகிறது.

சார்ஜன் பாட்டை நிறுத்திவிட்டார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. "மாமா…" என்றார்.

நஸீர் நானா எழுந்தார். அந்த மாதம் ஒப்பீட்டுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கணீரென்று ஆங்கிலத்தில் சொன்னார்: "திஸ் வொய்ஸ் இஸ் பெட்டர் தான் அதர் வொய்ஸ்."

"அப்ப… சான்ஸ்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே அலுவலகப் பதில் வாயில் வந்தது.

"உரிய நேரத்தில் கடிதம் மூலம் அறிவிக்கப்படும், சார்."

சார்ஜன் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அடுத்த பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டார்.

பஸ் திரும்பியதும் நானா கண்ணாடியைக் கழற்றினார். கண் இரண்டும் கொவ்வைப்பழம். "தங்கச்சி, சத்தியமா எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. சார்ஜன் எனக்கு நாலு பேராத் தெரிஞ்சார். நாலு பேரும் பாடினாங்க! கண்ணால தண்ணி நிக்கல்ல!"

கம்பளை வரைக்கும் சிரித்தோம். வயிறு வலித்தது. அங்கே இறங்கி, சாவடியைத் தவிர்த்து வேறு வழியால் சுற்றி அக்குறணைக்குப் போய்ச் சேர்ந்தார் மனுஷன். அவருக்கு நான் பட்ட கடனை எந்த மொழியில் வசனம் அமைத்தாலும் சொல்லி முடிக்க முடியாது.

ஆனால் என் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ஒவ்வொரு சனியும் சார்ஜன் கேட்டார், "கடிதம் வந்ததா, நங்கி?" இல்லை சார். அடுத்த வாரம், "இன்னும் இல்லையா?" இல்லை சார். கேட்டுவிட்டு அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார், "பெரிய இடம்தானே, சுணங்கும்." எனக்கு அந்தப் பதில் அத்துப்படி. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் என் அட்டையைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, இரண்டு வருடமாக நானும் எனக்கு அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? அரசாங்கக் கந்தோர் எனக்கு எதைச் செய்ததோ, அதையே நான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன். இரவில் நினைத்தால் வெட்கமாக இருக்கும்.

நேர்முகப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது அட்டை வந்தது.

பெரிய கிளாக்கர் ஐயா கவரை நீட்டியபோது கை கழுவிவிட்டு வந்து வாங்கினேன். என் பெயர். என் முகம், படத்தில் கொஞ்சம் திருடி மாதிரி இருந்தாலும் என் முகம்தான். அம்மா அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து விபூதி பூசினார். நான் துடைத்து எடுத்தேன்.

அந்தச் சனி பஸ்ஸிலிருந்து முதல் ஆளாக இறங்கினேன். வரிசையில் நின்றேன். சார்ஜன் கையசைத்து வரச் சொன்னார். நான் போகவில்லை. வரிசையிலேயே நின்று, என் முறை வந்ததும் அட்டையை நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கக் கூட இல்லை. "கடிதம், நங்கி?"

எத்தனையோ பொய் சரளமாக வந்த வாய்க்கு ஓர் உண்மை வர எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா?

"சார், எனக்கு மாமாவே இல்லீங்க. அது வகுப்புல வசனம் அமைக்கச் சொன்னாங்க, எழுதினேன். வந்தவரு என்கூடப் படிக்கிறவரு. புடவைக்கடை வச்சிருக்காரு. மன்னிச்சுக்கங்க சார்."

மீசை அசையவில்லை. மெதுவாகக் கையை நீட்டி என் அட்டையை வாங்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு வருடம் காத்துக் கிடைத்தது, இரண்டே நாளில் போகப்போகிறது. நியமனமும் அதோடு போகும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே!

"இதுவும் வசனமா?" என்றார்.

"இல்ல சார். இது உண்மை."

"அந்த மூன்று பொம்பிளை ஆட்கள்? மாமாவின் சொந்தக்காரர்?"

"அதுவும் பொய்தான் சார்."

நீளமாக மூச்சு விட்டார். ரோட்டைப் பார்த்தார். பிறகு அட்டையை என் கையில் வைத்து, "போங்க," என்றார். நங்கி என்று சொல்லவில்லை. அது சுருக்கென்றது.

பஸ்ஸில் ஏறிவிட்டேன். கொண்டக்டர் மணியடிக்கப் போனார். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார் சார்ஜன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நங்கி… அந்த ஆள் அழுதது?"

அட்டை என் பைக்குள் பத்திரமாக இருந்தது. பஸ் உறுமிக்கொண்டிருந்தது. இனி அவரிடம் எனக்கு ஒரு பயமும் இல்லை, ஆக வேண்டிய காரியமும் இல்லை.

"அது நெசம் சார்," என்றேன். "ரெண்டு கண்ணாலயும் அழுதாரு."

மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்… பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் அந்தச் சிரிப்பு அங்கேயே நின்றது.

கண்ணாடியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.